ஸ்லாக்கில் படம் தெரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மெசேஜ் வருது, படம் மட்டும் வரலை." ஸ்லாக் என்ற அலுவலக அரட்டை ஆப்பைப் பற்றி, அலுவலகக் கணினி உதவிப் பிரிவில் இருப்பவர்கள் வாரம் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. கேட்கிற ஆளும் சேனலும் (ஸ்லாக்கில் குழுவாகப் பேசும் இடம்) தான் மாறும், காரணங்கள் திரும்பத் திரும்ப அதேதான். அதனால் வந்த சந்தேகங்களை வந்த வார்த்தைகளிலேயே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன்.

பெரும்பாலும் ஸ்லாக்கின் டெஸ்க்டாப் ஆப்பை மனதில் வைத்து எழுதியது. மெனுப் பெயர்களையும் இணைய முகவரிகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், தட்டும்போதும் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

படம் தெரியலைன்னா முதல்ல என்ன பண்ணணும்?

எதையும் அழிக்காதீர்கள், எதையும் மறுபடி நிறுவாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் "இந்தப் படம் உனக்குத் தெரியுதா?" என்று கேளுங்கள். அப்புறம் உங்கள் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே மெசேஜைத் திறந்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான், ஆனால் பாதிப் பிரச்சினை இதிலேயே பிடிபட்டுவிடும்.

அவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் கோளாறு உங்கள் கணினியிலோ உங்கள் செட்டிங்கிலோ இருக்கிறது. அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் மொபைல் டேட்டாவில் மட்டும் தெரிந்தால் அலுவலக நெட்வொர்க். எங்கே பார்த்தாலும், யார் பார்த்தாலும் தெரியவில்லை என்றால் அந்தப் படத்திலேயே, அல்லது அதை அனுப்பிய விதத்திலேயே ஏதோ இருக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது என்ற நினைப்பில் எழுதியவை.

நெட் இல்லைன்னா மெசேஜும் வரக்கூடாதே? எழுத்து மட்டும் எப்படி வருது?

எழுத்தும் படமும் ஒரே வழியில் வருவதில்லை. எழுத்து, ஸ்லாக் ஆப் சர்வரோடு எப்போதும் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் என்ற இணைப்பில் வருகிறது. நீங்கள் பதிவேற்றும் படம் ஃபைல்ஸ்.ஸ்லாக்.காம் என்ற வேறு முகவரியில் இருக்கிறது. வெளித்தளத்து லிங்க்கிலிருந்து வரும் படங்கள் ஸ்லாக்-ஐஎம்ஜிஎஸ்.காம் என்ற இன்னொரு முகவரி வழியாக வருகின்றன. முகப்புப் படம், எமோஜி போன்றவை ஸ்லாக்-எட்ஜ்.காம் பக்கமிருந்து. கடிதத்தைத் தபால்காரரும் பார்சலை லாரிக்காரரும் கொண்டுவருவது மாதிரி. லாரி வரும் ரோடு அடைபட்டாலும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதில் ஒரு வசதி உண்டு. எது காணவில்லை என்பதை வைத்தே எந்த வழி அடைபட்டது என்று ஊகிக்கலாம். எல்லோருடைய முகமும் எமோஜியும் ஒழுங்காகத் தெரிந்து, ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும் சாம்பல் கட்டமாக நின்றால் ஃபைல்ஸ் முகவரியைச் சந்தேகியுங்கள். ஸ்கிரீன்ஷாட் தெரிந்து, செய்தித் தளங்களின் ப்ரிவியூ படம் மட்டும் வராவிட்டால் ஐஎம்ஜிஎஸ் முகவரியையோ செட்டிங்கையோ பாருங்கள்.

படம் இருக்க வேண்டிய இடத்துல ஃபைல் பேரும் சின்ன அம்புக்குறியும்தான் இருக்கு.

அது மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அம்புக்குறியைத் தட்டினால் விரியும். மெசேஜ் எழுதும் பெட்டியில் சாய்கோடு போட்டு 'கொலாப்ஸ்' என்று அனுப்பினால் அந்தச் சேனலில் உள்ள எல்லாப் படமும் மடங்கும். 'எக்ஸ்பேண்ட்' என்று அனுப்பினால் எல்லாம் விரியும். உங்கள் திரையில்தான் மாறும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் எதையும் மடக்கலை. எல்லாச் சேனல்லயும் இப்படித்தான் இருக்கு.

அப்படியானால் ப்ரிஃபரன்சஸைத் திறந்து, மெசேஜஸ் அண்ட் மீடியா என்ற பகுதியில் கீழே இன்லைன் மீடியா அண்ட் லிங்க்ஸ் வரை வாருங்கள். ஸ்லாக்கில் பதிவேற்றிய படங்களைக் காட்டு, வெளித்தளங்களின் படங்களைக் காட்டு, 2 எம்பிக்கு மேல் இருந்தாலும் காட்டு, தளங்களின் எழுத்து ப்ரிவியூவைக் காட்டு என்று தனித்தனியாகத் தேர்வுப் பெட்டிகள் இருக்கும்.

நிறையப் பேரைக் குழப்புவது அந்த 2 எம்பி பெட்டி. அது டிக் இல்லாமல் இருந்தால் லிங்க்கில் வரும் சின்னப் படங்கள் தெரியும், பெரிய படங்கள் தெரியாது. "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பார்ப்பதற்கு ஏதோ மர்மம் மாதிரி இருக்கும். ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும்.

கேஷை அழின்னு சொல்றாங்க. பழைய மெசேஜ் எல்லாம் போயிடாதா?

போகாது. மெசேஜும் ஃபைலும் ஸ்லாக்கின் சர்வரில் இருக்கின்றன. கேஷ் என்று உங்கள் கணினியில் இருப்பது திரும்பத் திரும்ப இறக்காமல் இருக்க வைத்துக்கொண்ட நகல். அந்த நகல் கெட்டுப்போனால் படம் பாதி வந்து நிற்கும், உடைந்த படக்குறி வரும்.

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆப் முழுதாக ஒருமுறை ரீலோட் ஆகும் (மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). அது பலிக்கவில்லை என்றால் ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் என்பதற்குள் 'கிளியர் கேஷ் அண்ட் ரீஸ்டார்ட்' இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே 'ரீசெட் ஆப் டேட்டா' என்று இன்னொன்று இருக்கும். அவசரத்தில் அதைத் தட்டினால் எல்லா வொர்க்ஸ்பேஸிலிருந்தும் (ஒரு நிறுவனத்துக்கான ஸ்லாக் தளம்) வெளியே தள்ளிவிடும். கடவுச்சொல் நினைவில் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பிரவுசர்ல வருது, ஆப்ல வரலை. ஏன்?

நல்ல தகவல் இது. உங்கள் கணக்கும் நெட்டும் அநேகமாக சரி, கோளாறு ஆப்புக்குள் இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன கேஷ் வேலையைச் செய்யுங்கள். அதற்கும் மசியாமல், படம் இருக்கும் இடம் முழுக் கறுப்பாகவோ, ஸ்க்ரோல் செய்யும்போது மினுக்கிக்கொண்டோ இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் வரையும் சிப்பை இயக்கும் மென்பொருள்) சண்டையாக இருக்கலாம். ப்ரிஃபரன்சஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைத்து, ஆப்பை மூடித் திறந்து பாருங்கள்.

தலைகீழாக, ஆப்பில் வந்து பிரவுசரில் வராவிட்டால் நீட்டிப்புகளைச் சந்தேகியுங்கள். விளம்பரத் தடுப்பான்தான் பெரும்பாலும் குற்றவாளி. இன்காக்னிட்டோ ஜன்னலில் நீட்டிப்புகள் பொதுவாக ஓடாது என்பதால் அங்கே திறந்து பார்ப்பது சுலபமான சோதனை.

ஆபீஸ்ல யாருக்கும் படம் வரலை. வீட்டுக்குப் போனா எல்லாம் வருது.

ஃபயர்வால் அல்லது ப்ராக்ஸி, அதாவது அலுவலக நெட்டில் எது உள்ளே வரலாம் என்று வடிகட்டும் காவல். இரண்டாவது கேள்வியில் சொன்னபடி படம் வேறு முகவரியிலிருந்து வருகிறது. பல நிறுவனங்களில் வலைவடிகட்டி 'சாட்' வகையை அனுமதித்துவிட்டு, 'ஃபைல் பகிர்வு' என்ற வகையை மொத்தமாக அடைத்து வைத்திருக்கும். படம் வரும் முகவரி அந்த வகையில் சேர்ந்துவிட்டால் எழுத்து வரும், படம் வராது.

நெட்வொர்க் நிர்வாகியிடம் போகும்போது "ஸ்லாக் வேலை செய்யலை" என்று சொல்லாதீர்கள். அவர் தன் திரையில் ஸ்லாக் மெசேஜ் வருவதைக் காட்டிவிட்டு உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்லாக்.காம், ஸ்லாக்-எட்ஜ்.காம், ஸ்லாக்-ஃபைல்ஸ்.காம், ஸ்லாக்-ஐஎம்ஜிஎஸ்.காம் ஆகியவை, அவற்றின் துணை முகவரிகள் உட்பட, எல்லாமே திறந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். ஸ்லாக்.காம் முகவரியோடு சாய்கோடு ஹெல்ப், சாய்கோடு டெஸ்ட் என்று சேர்த்துப் போனால் ஸ்லாக்கே வைத்திருக்கும் இணைப்புச் சோதனைப் பக்கம் வரும். அதன் முடிவையும் எடுத்துக்கொண்டு போனால் வாதமே வராது.

விபிஎன் போட்டா படம் பாதி வந்து நின்னுடுது. விபிஎன் எடுத்தா வருது.

இதில் இரண்டு வாய்ப்பு. ஒன்று, விபிஎன் (உங்கள் கணினியை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் மறைவான பாதை) உங்கள் போக்குவரத்தை அலுவலக ஃபயர்வால் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அதாவது வீட்டில் உட்கார்ந்தே மேலே சொன்ன கேள்விக்குள் விழுந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. நெட்டில் தகவல் பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. ஈதர்நெட்டில் (வழக்கமான கம்பி நெட்வொர்க்) ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தன் உறையைப் போடுவதால் உள்ளே இடம் குறைகிறது. வழியில் இருக்கும் ஏதோ ஒரு கருவி "இது பெரிசு, சின்னதாக அனுப்பு" என்ற அறிவிப்பை விழுங்கிவிட்டால், பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். மெசேஜ் ஒன்றிரண்டு வரிதானே, சின்னப் பாக்கெட்டில் அடங்கிவிடும். படத்துக்கு முழு அளவுப் பாக்கெட்டுகள் வரிசையாக வேண்டும், அதனால் அது மட்டும் தொங்கும்.

சோதிக்க விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையோடு 'மைனஸ் எஃப்', 'மைனஸ் எல் 1472' என்று சேர்த்து, பதில் தரக்கூடிய ஒரு முகவரிக்கு அனுப்புங்கள். 1472-உடன் பாக்கெட்டின் தலைப்புக்கான (ஹெடர்) 28 பைட் சேர்ந்தால் சரியாக 1500. பதில் வராவிட்டால் 1400, 1300 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் பதில் வரத் தொடங்குகிறது என்ற எண்ணை நெட்வொர்க் நிர்வாகியிடம் கொடுத்தால் எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு) மதிப்பை எங்கே குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

என் ஒருத்தன் லேப்டாப்ல மட்டும் வரலை. கேஷ் அழிச்சாச்சு, செட்டிங் பாத்தாச்சு, பிரவுசர்லயும் வரலை.

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். விளையாட்டில்லை. பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி இன்னும் பழைய வருடத்தில் இருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைத்து இணைப்பை மறுத்துவிடும். பெரும்பாலும் ஸ்லாக்கே திறக்காது. தேதி லேசாகத்தான் தவறியிருக்கிறது என்றால், ஒவ்வொரு முகவரிக்கும் தனிச் சான்றிதழ் என்பதால், சிலது ஓடும், சிலது ஓடாது.

தேதி சரியென்றால் ஆன்டிவைரஸில் 'ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்' என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது நடுவில் புகுந்து இணைப்பைப் பிரித்துப் பார்க்கிற வசதி. நிர்வாகியிடம் கேட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் அணைத்துச் சோதிக்கலாம்.

டவுன்லோட் பண்ணினா படம் நல்லாத் திறக்குது. சாட்டுக்குள்ள மட்டும் தெரியலை.

சாட்டில் நீங்கள் பார்ப்பது மூலப் படமே கிடையாது. பதிவேற்றியவுடன் ஸ்லாக் அதிலிருந்து பல அளவுகளில் சிறுபடங்கள் செய்துகொள்ளும். உங்கள் திரைக்கு ஏற்ற ஒன்றைக் காட்டும். சிறுபடம் செய்ய முடியாத வடிவமாக இருந்தால் ஃபைல் பெயர் மட்டும் ஒரு பெட்டியில் நிற்கும். வடிவமைப்பாளர்கள் அனுப்பும் எஸ்விஜி ஃபைல்கள் இப்படி நிற்பது சகஜம். பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, பின்னொட்டை மட்டும் மாற்றிய ஃபைல். ஒருவர் ஹெச்இஐசி (ஐபோனின் பட வடிவம்) படத்தை எடுத்து, பெயரில் ஜேபிஜி என்று திருத்திவிட்டு, "மாத்திட்டேன்" என்பார். பெயர் மாறினால் உள்ளே இருப்பது மாறாது. சந்தேகம் என்றால் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பை மாதிரி எழுத்துகள் வரும், பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிடலாம். உண்மையான பிஎன்ஜி என்றால் முதல் வரியிலேயே பி, என், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் தெரியும். ஹெச்இஐசி என்றால் தொடக்கத்தில் எஃப்டிஒய்பி, அதை ஒட்டி ஹெச்இஐசி என்று வரும்.

ஐபோன்ல எடுத்த படம்தான் பிரச்சினை பண்ணுது. ஆண்ட்ராய்டு படம் எல்லாம் வருது.

2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா படங்களை ஹெச்இஐசி வடிவில் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், தரம் குறையாது. ஆனால் குரோம் போன்ற பிரவுசர்கள் அதை நேரடியாகக் காட்டுவதில்லை. போனிலிருந்து கேபிள் போட்டுக் கணினிக்கு எடுத்து, அங்கிருந்து இழுத்துப் போடுபவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை.

அலுவலகத்துக்காக நிறையப் படம் எடுப்பவர் என்றால் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகு எடுப்பவை ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவை மாறாது.

ஒரு லிங்க் போட்டேன். காலைல படத்தோட வந்துச்சு, இப்போ வெறும் லிங்க்தான் வருது.

அதே சேனலில் ஒரு மணி நேரத்துக்குள் அதே லிங்க்கை யாராவது போட்டிருந்தால் ஸ்லாக் மறுபடி ப்ரிவியூ விரிக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஒரே செய்தியை ஆளாளுக்குப் போட்டுச் சேனல் முழுக்க ஒரே படமாக இருக்கும். மேலே போய்ப் பாருங்கள், யாராவது உங்களை முந்தியிருப்பார்கள்.

அப்படி யாரும் போடவில்லை என்றால், ப்ரிவியூவின் ஓரத்தில் இருக்கும் பெருக்கல் குறியை நீங்களே தட்டி மூடியிருக்கலாம். லிங்க் போட்டவர் அப்படி நீக்கினால் எல்லோருக்கும் நீங்கிவிடும்.

எங்க சைட்ல படத்தை மாத்திட்டோம். ஸ்லாக்ல இன்னும் பழைய படமே வருது.

லிங்க் விரியும்போது ஸ்லாக்கின் ரோபோ உங்கள் பக்கத்துக்கு வந்து, ப்ரிவியூவுக்கு எந்தப் படம் என்று சொல்லும் 'ஓஜி இமேஜ்' போன்ற குறிச்சொற்களைப் படித்துக்கொண்டு போகும். படித்ததை அரை மணி நேரம் போல வைத்துக்கொள்ளும். அவசரம் இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போடுங்கள். அவசரம் என்றால் லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு 'வி=2' என்பது போல ஏதாவது சேர்த்தால் ஸ்லாக்குக்கு அது புது முகவரி. படத்தின் பெயர் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால் குறிச்சொல்லில் இருக்கும் பட முகவரிக்கும் இதே தந்திரத்தைச் செய்ய வேண்டும்.

எங்க இன்ட்ராநெட்ல இருக்கிற படம். எனக்கு பிரவுசர்ல திறக்குது, ஸ்லாக்ல வர மாட்டேங்குது.

முந்தைய பதிலில் சொன்ன ரோபோ ஸ்லாக்கின் சர்வரிலிருந்து வருகிறது, உங்கள் மேசையிலிருந்து வருவதில்லை. இன்ட்ராநெட் என்பது உங்கள் அலுவலகச் சுவருக்குள் மட்டும் இருக்கும் தளம், அதை ரோபோவால் எட்டவே முடியாது. உங்கள் லாகின் அதனிடம் இல்லை. 127.0.0.1 என்று உங்கள் கணினியிலேயே ஓடும் பக்கத்தின் லிங்க்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அந்த முகவரி யார் திறந்தாலும் அவரவர் கணினியையே காட்டும்.

கூகுள் டிரைவ் லிங்க்கும் இதே கதைதான். பகிர்வு லிங்க் என்பது படத்தைச் சுற்றி இருக்கும் ஒரு பக்கம், அதைப் பார்க்க அனுமதி வேண்டும். டிரைவ் ஆப்பை ஸ்லாக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு படத்துக்கு இவ்வளவு வேண்டாம் என்றால் படத்தை இறக்கி நேராகப் பதிவேற்றுங்கள். ஒரு ஃபைல் 1 ஜிபி வரை போகலாம் என்பதால் அளவு பெரும்பாலும் தடையாக இருக்காது.

ப்ரைவேட் சேனல்ல இருந்த மெசேஜ் லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பினேன். எனக்குப் படத்தோட தெரியுது, மத்தவங்க ஒண்ணும் இல்லைங்கறாங்க.

சரியாகத்தான் நடந்திருக்கிறது. அந்தச் சேனலில் இருப்பவர்களுக்கு மட்டுமே ப்ரிவியூ விரியும். இல்லாவிட்டால் ப்ரைவேட் என்று பெயர் வைத்து என்ன பயன்? படத்தைக் காட்டலாம் என்று உங்களுக்கு அனுமதி இருந்தால் இறக்கி, புதிதாகப் பதிவேற்றுங்கள். முதல் கேள்வியில் சொன்ன "பக்கத்து ஆளைக் கேள்" சோதனையில் ஏமாற்றக்கூடிய ஒரே இடம் இதுதான். பக்கத்து ஆள் அதே சேனலில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நாங்க எழுதின பாட் படம் அனுப்புது. சில நேரம் எரர், சில நேரம் எரர் இல்லாமலே படம் இல்லை.

பாட் (தானாக மெசேஜ் அனுப்பும் நிரல்) அனுப்பும் மெசேஜ் பிளாக் என்ற துண்டுகளால் ஆனது. எரர் 'இன்வேலிட் பிளாக்ஸ்' என்று வந்தால் இமேஜ் பிளாக்கில் நீங்கள் கொடுத்த முகவரியிலிருந்து ஸ்லாக்கால் படத்தை எடுக்க முடியவில்லை என்பது பெரும்பாலும் காரணம். இன்ட்ராநெட் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் அப்படியே பொருந்தும். முகவரி பொதுவில் திறக்க வேண்டும், உள்ளே பிஎன்ஜி, ஜேபெக் அல்லது ஜிஃப் இருக்க வேண்டும். பழைய 'அட்டாச்மென்ட்' முறையில் அனுப்புபவர்களுக்கு எரர் கூட வராது. மெசேஜ் போய்விடும், படம் மட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இதனாலேயே பிளாக் முறைக்கு மாறச் சொல்வேன். கத்திவிட்டுத் தோற்பது நல்லது.

இன்னொரு பொறி, 'யூஆர்எல் ப்ரைவேட்'. ஸ்லாக்கில் ஏற்கெனவே இருக்கும் படத்தின் இந்த முகவரியை எடுத்து உங்கள் நிரல் இறக்குகிறது, ஆனால் ஆதரைசேஷன் தலைப்பில் டோக்கன் (நிரலின் அனுமதிச் சாவி) அனுப்ப மறந்துவிடுகிறது. அப்போது பெயர் பிஎன்ஜி என்று ஒரு ஃபைல் வந்து சேரும், எந்தப் பட ஆப்பும் திறக்காது. மேலே சொன்ன நோட்பேட் சோதனையைச் செய்தால் முதல் வரியில் டாக்டைப் ஹெச்டிஎம்எல் என்று இருக்கும். வந்தது படமே இல்லை, ஸ்லாக்கின் லாகின் பக்கம். 'ஃபைல்ஸ் ரீட்' அனுமதியுள்ள டோக்கனைப் போடுங்கள். ஸ்லாக்கிலேயே இருக்கும் படத்தை பிளாக்கில் காட்ட 'ஸ்லாக் ஃபைல்' என்ற தனி வழியே இருக்கிறது, வெளி முகவரி தேவையில்லை.

கிராஃபானா அலர்ட் வருது, கிராஃப் படம் மட்டும் வரலை.

கிராஃபானா (சர்வர்களைக் கண்காணித்து வரைபடமும் எச்சரிக்கையும் தரும் மென்பொருள்) தானாகப் படம் வரையாது, அதற்கு இமேஜ் ரெண்டரர் என்ற துணை நிரல் தனியாக ஓட வேண்டும். அது ஓடியும் வரவில்லை என்றால், நீங்கள் ஸ்லாக்கோடு எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வெப்ஹுக் (வெளி மென்பொருள் மெசேஜ் போட ஸ்லாக் தரும்) முகவரியில் எழுத்தை அனுப்பலாம், ஃபைலைப் பதிவேற்ற முடியாது. ஒன்று, பாட் டோக்கன் முறைக்கு மாறுங்கள். இல்லை, படத்தைப் பொதுவில் திறக்கும் ஒரு கிளவுட் சேமிப்பில் போட்டு அதன் முகவரியை அனுப்பச் சொல்லுங்கள்.

போன வருஷத்துப் படம் எல்லாம் காணோம். யார் அழிச்சது?

இலவசத் திட்டமா என்று முதலில் பாருங்கள். முன்பு கடைசி 10,000 மெசேஜும் 5 ஜிபி ஃபைலும் என்று இருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் கடைசி 90 நாள் என்று மாற்றினார்கள். 90 நாளைத் தாண்டியவை மறைந்து நிற்கும், கட்டணத் திட்டத்துக்கு மாறினால் திரும்பத் தெரியும். ஆனால் 2024 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு, இலவச வொர்க்ஸ்பேஸில் ஒரு வருடத்துக்கு மேல் பழையவை நிரந்தரமாக அழிக்கப்படத் தொடங்கின. "அப்புறம் காசு கட்டி எடுத்துக்கலாம்" என்று இருந்துவிட்டால் எடுக்க ஒன்றும் இருக்காது.

கட்டணத் திட்டம் என்றால், நிர்வாகி ஃபைல்களுக்குக் காலக்கெடு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாள் கழித்துத் தானாக அழிக்கும் செட்டிங் அது. அதுவும் இல்லை, ஒரே ஒரு படம்தான் காணோம் என்றால், பதிவேற்றியவர் அழித்திருப்பார். அவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும்.

ஸ்லாக்கே படுத்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஸ்லாக்-ஸ்டேட்டஸ்.காம் பக்கத்தைப் பாருங்கள். பச்சை என்று இருந்தாலும் சில நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், கோளாறு தொடங்கியதும் உடனே அறிவிப்பு வராது.

எல்லாக் கோளாறும் எல்லோரையும் ஒன்றாகப் பிடிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2021 செப்டம்பர் 30-இல் ஸ்லாக் தன் முகவரிக்கு டிஎன்எஸ்செக் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையின் பதில் போலியில்லை என்று உறுதிசெய்வது) பாதுகாப்பைப் போட்டு, சிக்கல் வந்ததும் பின்வாங்கியது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இருப்பதாகச் சொல்லும் பதிவை 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததால், அதைச் சேமித்துவிட்ட டிஎன்எஸ் சேவைகள் ஸ்லாக்கை ஏற்க மறுத்துக்கொண்டே இருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று ஸ்லாக் சொன்னது. அந்த 1 சதவீதத்தில் இருந்தவருக்கு, பக்கத்து வீட்டு வைஃபையில் ஓடுகிறது, தன் வீட்டில் மட்டும் ஓடவில்லை. இது மாதிரி நேரத்தில் டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 போன்ற வேறொன்றுக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை.

லேப்டாப்ல சரி. போன்ல மட்டும் படம் சுத்திக்கிட்டே இருக்கு.

ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் போட்டிருக்கிறதா, போனில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் செட்டிங்ஸில் 'ப்ரைவேட் டிஎன்எஸ்'. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் இந்த இடத்தில், விளம்பரம் வராமல் இருக்க ஏதாவது ஒரு தடுப்புச் சேவையின் பெயரைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகலை. டிக்கெட்ல என்ன எழுதட்டும்?

முதல் கேள்வியின் சோதனை முடிவை முதல் வரியில் எழுதுங்கள்: யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை, மொபைல் டேட்டாவில் என்ன ஆனது. அப்புறம் படம் பதிவேற்றியதா, லிங்க்கா, பாட் அனுப்பியதா. சேனல் பெயர், மெசேஜின் லிங்க், பார்த்த நேரம். ஹெல்ப் மெனுவின் ட்ரபிள்ஷூட்டிங்கில் நெட் லாக் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஓட விட்டு, படம் வராத சேனலைத் திறந்து, பிறகு நிறுத்தி, கிடைக்கும் ஃபைலையும் இணையுங்கள். எந்த முகவரி 403 (அனுமதி இல்லை) என்று மறுத்தது, எது பதிலே தரவில்லை என்பது அதில் பதிவாகியிருக்கும். உள் தகவல்கள் இருக்கக்கூடும் என்பதால் பொதுச் சேனலில் போடாமல் டிக்கெட்டில் மட்டும் சேருங்கள்.

இன்னொன்று. உடைந்த படத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அதே ஸ்லாக் சேனலில் போட்டு "இதோ பாருங்க" என்று அனுப்பாதீர்கள். மின்னஞ்சலில் அனுப்புங்கள்.